பளபளத்த பற்று

மூன்றாவதோடு பள்ளியை விட்டவன் நான். எண்ணூர் பக்கம் சதுப்பில் மண் கொட்டி ஷெட் போட்டேன், லேத் பட்டறை வைத்தேன், பஸ்ஸே நிற்காத இடத்தில் பஸ்ஸை நிற்க வைத்தேன். நேற்று காலை அந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், சார்ஜர் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“அசிங்கமா வுட்டிருந்தா பாஸாயிருக்கும்க்கா. நான்தான் அழகு பண்ணி கெடுத்துட்டேன்,” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“போர்டுல புது சால்டரிங் கம்பியால பத்தவச்சா, பத்தவச்ச எடம் மங்கலாத்தான் கீது. டெஸ்ட்டுக்குப் போற போர்டாச்சே, மனசு கேக்கல. டப்பாவுல கெடந்த பழைய கம்பியால மேல ஒரு டச் குடுத்தேன். கண்ணாடியாட்டம் மின்னுச்சு.”

“அடிப்பாவி! புதுசுல இல்ல, பழைய கம்பியில காரீயம் கீதுடி. அந்த வெஷம் கீதான்னு பாக்கத்தானே டெஸ்ட்டே!”

“லோடு மொத்தமும் நின்னுபோச்சு. போர்டு பிலோமினாக்கா டேபிள்லேர்ந்து போச்சுன்னு, அவங்கள வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. எனக்கு வேல கத்துக்குடுத்ததே அவங்கதான்.”

“வாய மூடிக்கினு இரு. உனக்கும் வேல பூடும்.”

நிறுத்தம் வந்ததும் இளையவள் எழுந்தாள்.

“முடியலக்கா. பளபளன்னு பண்ணது நான். அவங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லப்போறேன்.”

இறங்கிப் போய்விட்டாள். அது நான் அலைந்து கொண்டுவந்த நிறுத்தம். அங்கே நிறுத்தப் பலகையில் என் பேரைப் போடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். போட்டாக வேண்டும்.