வயோலெட்டா குடுத்த டிஸ்க்

...பாத்தியா, பாத்தியா, நாக்க நீட்டுது பாரு! பட்டன அமுக்குனா நாக்க நீட்டுது. டிஸ்க வச்சா உள்ள இழுத்துக்குது. கொஞ்ச நேரம் கர்ரு கர்ருன்னுட்டு, 'டிஸ்க் சரியில்லை'ன்னு டிவியில எழுதிக் காட்டுது. சரியில்லையாம்! அதச் சொல்ல இந்த டிவிடி பெட்டிக்கு என்ன யோக்கியதை இருக்கு? உக்காரு தம்பி, உக்காரு. அடுப்புல சீஸ் வச்ச பனிட்சா வேகுது, மொதத் துண்டு உனக்குத்தான். சோஃபியா பட்டணத்துல கம்ப்யூட்டர் வேல பாத்த பையன் பக்கத்து வீட்டுக்கு வந்துருக்கான்னு சொன்னாங்க, அதான் வேலிக்கு மேலயே கூப்புட்டுட்டேன். கலோயன்தானே பேரு? நல்ல பேரு.

வயரா? பின்னாடி மூணையும் புடுங்கிப் புடுங்கி மாட்டியாச்சுப்பா. செவப்பு செவப்புல, மஞ்ச மஞ்சள்ல. நான் என்ன ரங்கேலா? அவருதான் என் வீட்டுக்காரர், மஞ்சள வெள்ளையில சொருகிட்டு, படம் வரல, சத்தமும் வரல, ஜெர்மன்காரன் ஏமாத்திட்டான்னாரு. என் தம்பி ஜெர்மனியிலேருந்து கொண்டாந்த பெட்டி இது. உள்ள ஒரு கண்ணு இருக்காம்ல, லென்சு? அதத் தொடைக்கணும்னு எந்த மகானோ இவருக்குச் சொல்லிட்டான். எதால தொடச்சாருங்கற? வீட்டுல காச்சுன ரக்கியாவால! பஞ்சுல ஒரு சொட்டு, தொண்டையில ஒரு கிளாசு. பெட்டிக்குப் போதையா இவருக்குப் போதையான்னே தெரியல...

கடைத்தெருவுல ரிப்பேர்காரன் ஒருத்தன் இருக்கான். பெரிய இஞ்சினியரு! பெட்டியக் குலுக்கிப் பாத்துட்டு, "அக்கா, புதுசு வாங்கிருங்க"ங்குறான். குலுக்கிப் பாக்க நான் என்ன தர்பூசணியா கொண்டு போனேன்?

என்னது, உன் டிஸ்கப் போட்டுப் பாக்குறியா? போடு, போடு. அதையும் துப்பத்தான் போகுது... அட! ஓடுது! படம் கண்ணாடியாட்டம் இருக்கே! அப்ப பெட்டி நல்ல பெட்டி. நான் அப்பவே சொன்னேன்ல, என் தம்பி மட்டமான சாமான் வாங்க மாட்டான்னு?

அப்ப கோளாறு டிஸ்குல. அப்படிச் சொல்லு! அது யாரு குடுத்த டிஸ்கு? என் சம்பந்தியம்மா குடுத்தது. வயோலெட்டா! வர்ணா ஊருக்காரி. கடலப் பாத்து வீடு இருக்குல்ல, அதனால நம்மள எல்லாம் மேலேருந்துதான் பாப்பா. என் பொண்ணு ரலிட்சா கல்யாணத்தப் படம் புடிக்க ஆளு வச்சது அவதான். அத நாப்பது பேரு முன்னாடி சொல்லிக் காட்டி, இந்த டிஸ்க என் கையில குடுத்தா. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு தடவ போட்டுப் பாத்தேன். ஒரே தடவ. பாதிப் படம் அவ தொப்பி! என் பொண்ணு கேக்கு வெட்டுறா, குறுக்க தொப்பி. நான் அழுவுறேன், என் மூஞ்சிக்கு முன்னாடியும் தொப்பி. யாரு பாப்பாங்க அத? ஆனா போன்ல கேட்டா என்ன சொல்ல முடியும்? "ஞாயித்துக்கெழம தவறாம போட்டுப் பாக்குறோம் சம்பந்தி"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

இன்னிக்கு மத்தியானம் வர்றா. அவளே சொல்லிட்டா, "எல்லாருமா உக்காந்து படத்தப் பாப்போம்"னு. ரலிட்சா நேத்து போன் பண்ணி, "அம்மா, இந்த ஒரு தடவ மட்டும் எந்த வம்பும் வேணாம்மா"ங்குது. என் பொண்ணு இருக்குறது அவ வீட்டுல, தம்பி. இங்க நான் அசிங்கப்பட்டா அங்க ரலிட்சாதான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

கீறலா? எங்க? ஆமா, கோடு கோடாத்தான் இருக்கு. நானா? நான் கீறுவேனா? சம்பந்தி வர்றாளேன்னு போன வாரம் வினிகர் போட்டு நானே தொடச்சு வச்ச டிஸ்கு இது! இந்த மேசையிலதான், மரத்து டிஸ்கோட சேத்து வரிசையாப் பரப்பி... மரத்து டிஸ்குன்னா, பறவைய வெரட்ட செர்ரி மரத்துல கட்டுறது. பேப்பர்காரன் முன்னாடி பேப்பரோட சும்மா குடுப்பான்ல, அந்தப் பழைய டிஸ்கு. கட்டலேன்னா மைனாக் கூட்டம் ஒரு பழம் மிச்சம் வைக்குமா? ரங்கேல் ஏணியில ஏறுனா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும், நானே ஏறிக் கட்டுனேன். வருஷா வருஷம் வெயில்லயும் மழையிலயும் கெடந்து எல்லாம் மங்கிப் போச்சு. ஆனா கேட்டுப் பக்கக் கிளையில ஒண்ணு கட்டுனேன் பாரு, என்னா பளபளப்பு! புதுசு மாதிரி! மைனா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எல்லாம் வினிகரு பண்ற வேல...

ஏன் ஜன்னலுக்குப் போற? என்ன சிரிப்பு? கேட்டுப் பக்க டிஸ்குல எழுத்தா? ஏதோ மேல கிறுக்கியிருந்துச்சு, பேப்பர்காரன் கிறுக்கல்னு... மூக்குக்கண்ணாடியா? எனக்கெதுக்கு மூக்குக்கண்ணாடி? ரங்கேலுக்குத்தான் கண்ணு அவுட்டு. நான் ஊசியில நூலு...

தம்பி.

அய்யோ. அய்யய்யோ! 'ரலிட்சா கல்யாணம்'னா எழுதியிருக்கு? கல்யாண டிஸ்குன்னு நான் எடுத்து வச்சது மரத்து டிஸ்கா? அப்ப மரத்துல... எங்க அந்த ஏணி? ரங்கேல்! யோவ் ரங்கேல்! தூங்குறியா, ஏணிய எடுய்யா! இதெல்லாம் உன்னாலதான், ரக்கியாவத் தொட்டியே அப்பவே... அது என்ன ஹாரன் சத்தம்? வந்துட்டாளா? இப்பவேவா? மத்தியானம்னா மத்தியானமா வரத் தெரியாதா இவளுக்கு?

தொப்பியப் பாரு, அதே தொப்பி. ஏன் கேட்டுலயே நின்னுட்டா? எதுக்கு அண்ணாந்து பாக்குறா? கைப்பையத் தொறக்குறா... மூக்குக்கண்ணாடிய எடுத்து மாட்டுறா. தம்பி, அவ படிக்கிறாப்பா! கூட வந்த ரலிட்சா மூஞ்சி போற போக்கப் பாரு... நீ எங்கப்பா போற? பின்வாசல் வழியா எதுக்குப் போற? பனிட்சா... தம்பி! கலோயன்!

போ, போ. சோஃபியாக்காரன் புத்தி!

...வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! என்ன அப்படிப் பாக்குறீங்க? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாத்தாப் பத்தல சம்பந்தி, அதான் வாசல்லயே மாட்டிட்டோம்!