குண்டுப் பையில் எலுமிச்சம்பழம்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் பார்சல் வாங்கும் கடை. பிரித்துப் பார்ப்பதற்கென்று ஓரத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வழக்கம்போல் அதை யாரும் மதிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் வரிசையிலேயே பிரித்தார். உள்ளே பட்டாளத்துக்காரர்கள் மார்பில் மாட்டும், பல பைகள் வைத்த அங்கி. தம் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அதில் போட்டுப் பார்த்தார்.

“கையெறி குண்டு வைக்கிற பையில கச்சிதமா உக்காருதுடா.”

கவுண்டரில் என் எண்ணை அழைத்தார்கள்; நான் நகரவில்லை.

“காவடி எடுக்கிறது நான். நீ எதுக்குக்கா சண்டைக்குப் போற மாதிரி?” என்றார் கூட வந்த தம்பி.

“போன தைப்பூசத்துல நீ மயங்கிச் சாயும்போது என் ஒரு கையில தண்ணி, ஒரு கையில விபூதி. பிடிக்க முடிஞ்சுதா? நெத்தியில தையல் யாருக்கு?”

“கோயிலுக்குக் கறுப்பு ஆகாது லா.”

“அதான் மண் கலரு. தோலும் இல்ல, நைலான். குருக்கள்கிட்ட கேட்டாச்சு.”

“இதோட வர்ற முதுகுப் பை எங்க?”

“வேணாம்னு சொல்லித்தான் வாங்கினேன். கூட்டத்துல இடிக்கும்.”

“வாக்கி டாக்கி பை?”

“அதுல உன்னோட இழுப்பு மருந்து.”

“அப்ப இந்த வருஷம் நான் காவடி எடுக்கலாமா?”

“பாத்துட்டுச் சொல்றேன்.” அங்கியை மாட்டிக் கொக்கிகளைப் பூட்டி, இரண்டு கைகளையும் விரித்தார். “விழு.”

“இங்கயா? ஆளுங்க பாக்கறாங்க லா.”

“கோயில்ல பாக்க மாட்டாங்களா? விழுடா.”

தம்பி நல்ல கனமான ஆள். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தார். அக்கா ஓரடி தள்ளாடினார், பிடியை விடவில்லை.

“சரி, எடுத்துக்க” என்றார்.