பூஜையில் வைத்த பியானோ

சங்கீத உலகத்துக்கும், செங்கல்பட்டு ஜில்லாப் போலீஸ் இலாகாவுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் ரசிக சிகாமணிகள் அனைவருக்கும் ஒரு மகத்தான உண்மையைப் பிரகடனம் செய்கிறேன்: பியானோவைத் தூக்க எட்டு ஆள் வேண்டும். ஆறு போதும் என்கிறவன் தூக்கிப் பார்க்காதவன். எழுதிக்கொண்டீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா? நல்லது. மற்றதெல்லாம் இதைவிடச் சின்ன விஷயம். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் உலகநாதன். செங்கல்பட்டு ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே பழைய சாமான் கடை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது அவன் விட்டுப்போன கட்டில், அலமாரி, குளிக்கிற தொட்டி எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து நம்மவர்களுக்கு விற்றவன். எந்தக் கட்டிலைக் காட்டினாலும் 'இதில் கலெக்டர் படுத்தார்' என்பேன். நான் விற்ற கட்டிலில் எல்லாம் படுத்திருந்தால் அந்தக் கலெக்டர் ஆபீசுக்கே போயிருக்க முடியாது.

ஆனால் பியானோ அசல். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது 'பியானோ' ஏசுபாதத்தின் பியானோவேதான்.

நானும் ஏசுபாதமும் ஒரே தெரு. மிஷன் கோயிலில் பாட்டுக்கு வாசித்துப் பழகினவன் அவன். பேசாத படம் ஓடிய நாளில் பட்டணத்துக் கொட்டகைகளில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தான். பிறகு நம் கீர்த்தனைகளையே அந்தப் பெட்டியில் வாசித்து மேடையேறினான். கொழும்பு வரைக்கும் பேர் போயிற்று. கிராமபோன் தட்டு வந்தது. அவனுக்குக் கச்சேரி பேசி முடிப்பதும், பெட்டியை வண்டியேற்றுவதும், வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதும் என் வேலை.

ஊரெல்லாம் மேடை கொடுத்தது. சொந்த ஊர்ச் சங்கீத சபை மட்டும் கொடுக்கவில்லை. சபைத் தலைவர் வேதகிரி முதலியார். அப்போது ஜமீன்தார். தரையில் சம்மணம் போட்டு வாசிக்க முடியாத வாத்தியத்துக்கு நம் மேடையில் இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏசுபாதம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை அணையவில்லை. காரணம் என்று ஒரு இடம் விட்டு வைத்திருப்பீர்களே, அங்கே இதை எழுதுங்கள். பணம் என்று எழுதாதீர்கள்.

யுத்தத்துக்குச் சற்று முன்னால் ரங்கூன் கொட்டகைக்காரர் ஒருவர் அவனைக் கூப்பிட்டார். வாசிக்கப் பெட்டி அங்கேயே இருக்கிறது என்றார். தன் பெட்டியை என் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினான். ஜப்பான்காரன் குண்டு போட்டான். காடு வழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவன் இல்லை. கடிதமும் இல்லை. சபை அனுதாபக் கூட்டம் போட்டது. முதலியார் ஒன்றரை மணி நேரம் பேசினார். 'நம் ஏசுபாதம், நம் ஏசுபாதம்' என்று தழுதழுத்தார். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். ஏசுபாதத்தின் விஷயத்தில் அந்தச் சபை வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஜமீன் ஒழிந்தது. ஆளுவதற்கு ஊர் இல்லாத முதலியார் மாமல்லபுரத்துக் கடற்கரைப் பங்களாவில் போய் உட்கார்ந்து, செத்த வித்வான்களின் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்தார். ஒருவருடைய தம்புரா. ஒருவருடைய பொடி டப்பி. ஒரு பாகவதருடைய ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடியைத் தேடிக் கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். அதே வித்வான்களின் சம்சாரங்கள் உதவி கேட்டு அவர் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை வைக்கத் தோதான கண்ணாடி அலமாரி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பியானோவைக் காட்டினேன். ஒரே கேள்வி கேட்டார்.

"ஆள் போயாச்சு. நிச்சயந்தானே?"

"கூட்டம் போட்டதே நீங்கதானுங்களே."

"அதுக்கில்லை உலகநாதன். இருக்கிறவன் சாமானை வாங்கினா அது பழைய சாமான். போனவன் சாமான்தான் பொக்கிஷம்."

மூடியின்மேல் காபி டம்ளர் வைத்த வட்டம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது என் டம்ளர்.

திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் போய், கால்வாயைப் படகில் தாண்டி, எட்டு ஆள் தோளில் பெட்டி பங்களாவுக்குப் போயிற்று. அதற்கென்று கடலைப் பார்த்த மாதிரி ஒரு மண்டபம் கட்டினார். சிற்பியைக் கூப்பிட்டுக் கருங்கல்லில் 'அமரர் ஏசுபாதம் அவர்களின் நாத பீடம்' என்று வெட்டி வைத்தார். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. யாரும் வாசிக்கக் கூடாது. வாசித்தால் உள்ளே தங்கியிருக்கும் நாதம் வெளியே போய்விடுமாம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்குமே என்றேன். துருவுக்கும் ஒரு தெய்வீகம் உண்டு என்றார்.

கல்லில் வெட்டியதில் 'அமரர்' என்ற ஒரு சொல்தான் பொய். விற்கும்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சரிசெய்ய வேண்டி வந்தது. கருங்கல்லைத் திருத்துவது கஷ்டம். மற்றதைத் திருத்தினேன்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் ஏசுபாதம் என் கடைக்குள் வந்து நின்றான். பாதி உடம்பு. முன்பல் இல்லை. அழுக்குத் துண்டு. ஆனால் விரல் மட்டும் அதே விரல்.

"இன்னா மச்சான், பேயப் பாத்தா மாதிரி முழிக்கிற?"

"நீ செத்துட்டேன்னு கூட்டமே போட்டாங்கப்பா."

"யாரு பேசுனாங்க?"

"வேதகிரி முதலியாரு."

"முதலியாரே பேசுனாரா? அப்ப நெசமாவே செத்துட்டேன் போல கீது."

சிரித்தான். ஜெயில், காய்ச்சல், தோட்ட வேலை என்று பர்மாவில் பட்டதையெல்லாம் நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டான். அப்புறம் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"பொட்டி எங்க மச்சான்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நாம் இன்று இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

"வித்துட்டியா? சரி வுடு. வாங்கினவன் வாசிக்கிறானா?"

"இல்ல."

"அப்ப நான் போயி வாசிச்சிட்டு வரேன்."

அவ்வளவு லேசாகச் சொன்னான். அவன் போய் நின்றால் பொக்கிஷம் பழைய சாமான் ஆகிவிடும். ஒப்படைத்த பொருளை விற்றவன் என்று நான் ஜெயிலுக்குப் போவேன். முதலியாருக்கு ஒரு கேடும் வராது. 'நம் ஏசுபாதம் திரும்பினார்' என்று அதற்கும் ஒரு கூட்டம் போட்டு ஒன்றரை மணி நேரம் பேசுவார். எனக்குப் பொறுக்காதது இதுதான். அவமானப்படுத்தியதும் அவர், அழுததும் அவர், வாழ்த்துவதும் அவர். கம்பி எண்ணுவது மட்டும் நானா?

செங்கல்பட்டில் யார் கண்ணிலும் படாமல் அவனைத் திருவிடந்தைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆப்பம் சுட்டு விற்கிற ஆராயியின் கொட்டாயில் தங்க வைத்தேன். தூரத்து உறவு, புத்தி கொஞ்சம் பிசகு, சொல்கிறதை நம்பாதே என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அடுத்த முறை போனபோது அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா அண்ணாத்த, உங்க ஆளு ராவும் பகலும் பலகையத் தட்டிகினே கீறாரு. மாவுச் சட்டி குதிக்குது. இன்னா சீக்கு இது?"

"ரங்கூன் ஜுரம்."

"பலகை பேந்துச்சுன்னா நீயா குடுப்ப?"

"சும்மாரு ஆராயி," என்றான் ஏசுபாதம் உள்ளேயிருந்து. "உம் பலகையில சுருதியே சேர மாட்டேங்குது. நான் பட்ற பேஜாரு எனக்கு."

அவனிடம் நயமாகத்தான் பேசினேன். நெல்லூர்ப் பக்கம் போய்விடு, வேறு பேர் வைத்துக்கொள், மாதாமாதம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நான் டப்பு கேட்டனா? பேரு கேட்டனா? எம் பொட்டிய ஒரு தபா வாசிக்கணும். அவ்ளோதான்."

"அப்புறம்?"

கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"அப்புறம் மறுநாளு இன்னொரு தபா."

அந்தப் பதிலோடு விஷயம் என் கையைவிட்டுப் போய்விட்டது என்று நீங்கள் எழுதலாம்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று முதலியார் பங்களாவில் சபைக்காரர்கள் எல்லோரும் கூடுவது வழக்கம். வாத்தியங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுத்து வாசிக்க வேண்டும். கச்சேரி உலகத்தில் திரிந்த ஏசுபாதத்துக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் பூஜையன்று காலையில் போய், "இன்றைக்கு விஜயதசமி. முதலியார் சம்மதித்துவிட்டார். முதல் கை நீதான் வைக்க வேண்டுமாம்" என்று சொன்னேன். வழியில் பஸ்ஸுக்குக் கட்டியிருந்த வாழைக்கன்றை ஒரு தரம் கவனித்திருந்தால், அது வாடாமல் பச்சையாக இருந்ததிலிருந்தே கண்டுபிடித்திருப்பான். அவன் வழியெல்லாம் தன் முழங்காலில் வாசித்துக்கொண்டு வந்தான். நான் வாங்கிக் கொடுத்த புது வேட்டியில் கை பட்டு அழுக்காகிவிடப் போகிறது என்று அதை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

முந்தின நாளே முதலியாரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன். ஏசுபாதம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பித்தன் திரிகிறான், கைநீளம் வேறு, ஜாக்கிரதை என்று. வாசலில் காவலைப் பலப்படுத்தினார். நான் அவனைக் கடல் பக்கமாகக் கொண்டுபோய் மண்டபத்தின் பின்படியில் விட்டுவிட்டு, சுற்றி வந்து முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தீபாராதனை முடிந்து சுண்டல் வந்துகொண்டிருந்தது. ஏசுபாதம் படியேறி வந்தான். பியானோமேல் போர்த்தியிருந்த பட்டுத் துணியை மடித்து ஓரமாக வைத்தான். கட்டைமேல் இருந்த சந்தனத்தைத் தன் துண்டால் துடைத்தான். உட்கார்ந்தான். வாசித்தான்.

சபை முழுதும் கொஞ்ச நேரம் சிலையாக இருந்தது. ரசித்தார்கள் என்று நினைக்காதீர்கள். யார் முதலில் கோபப்படுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பத்திரிகையில் கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர் ஒருவர், "பூஜையில வெச்சதைத் தொட்டுட்டான்!" என்று கத்தினார். அது போதுமானதாக இருந்தது. குடை, கைத்தடி, செம்புக் குடம், கையில் அகப்பட்டது எல்லாம் எழுந்தது. முதலியார் வெள்ளிப் பூண் போட்ட தடியோடு வந்தார். நடுவில் ஒருதரம் தடியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உலகநாதன், நீர் சொன்ன ஆள் இவன்தானா? உமக்கு இவனைத் தெரியுமா?"

ஏசுபாதமும் என்னைப் பார்த்தான். "மச்சான், சொல்லு மச்சான்," என்றான்.

"தெரியாதுங்க," என்றேன்.

அதற்கப்புறம் அவன் ஒன்று மட்டும் செய்தான். அடி தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். திருடன் எவனாவது அப்படிப் படுப்பானா? பித்தன் படுப்பானா? அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் தூக்கி மணலில் போட்டார்கள். உள்ளே தீட்டுக் கழிக்கப் பியானோவுக்குள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் அடியில் ஒழுகி முடிவதற்குள் வெளியே மூச்சு நின்றுவிட்டது.

ஆளைக் காணோம் என்று ஆராயி நடந்தே தேடி வந்து, உங்கள் ஸ்டேஷனில் கிடத்தியிருந்த உடம்பைப் பார்த்து, "ஐயோ, இது ஏசுபாதம்யா, தெனம் சொல்லுவாரே, நான்தான் நம்பல" என்று அழுதிராவிட்டால் இதை அநாதைப் பிணம் என்று முடித்திருப்பீர்கள். அவளை நான் குறை சொல்லவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பூஜை நாளை மாற்றிச் சொன்னவன் நான். அழைத்துப் போனவன் நான். தெரியாது என்றவன் நான். அடி விழும் என்று தெரியும். எழுந்திருக்க மாட்டான் என்பதும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்களைக் கோர்ட்டில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் சங்கீதம், சங்கீதம் என்று ஏப்பம் விட்ட கூட்டம் அது. அவன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, தன் சொந்தப் பெட்டியில், தன் கையால் வாசிக்கிறான். 'நிறுத்துங்கள், இது ஏசுபாதத்தின் கை' என்று சொல்ல ஒரு காது இல்லையே. ஒருவர் சொல்லியிருந்தாலும் நான் அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு நான் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன் ஐயா. செவிட்டு ஜடங்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். அவனைக் கொன்றது அந்தக் காதுகள்தான்.

அவன் என்ன வாசித்தான் என்றா கேட்கிறீர்கள்?

தெரியாது. நன்றாக வாசித்தானா என்றும் தெரியாது. எனக்குச் சங்கீதம் புரியாது.