அருவியைத் திறந்த நாள்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி சற்றுக் கூட, ஆனால் இலை நல்ல இலை. நமுனுகுலப் பக்கத்தது என்று நினைக்கிறேன்.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி மலைக்கு வரத் தொடங்கிய காலம் அது. பதுளை, மொனராகலை மாவட்டங்கள் இரண்டும் கைகோத்து ஒரு சுற்றுலாத் திட்டம் தொடங்கின. அதற்கு இணைப்பாளர் நான். அப்படிச் சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. மொனராகலை ஷுக்ரி கடற்கரையிலிருந்து தன் வான் வண்டியில் ஆட்களை ஏற்றி வருவார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அருவியடியில் ரொட்டியும் சம்பலும் விற்பார்கள். அவர்களுக்குத் தலைவி வேலாயி. கொழுந்து பறித்த கையால் ரொட்டி தட்டி, வெள்ளைக்காரருக்குச் சம்பலை ஊட்டாத குறையாகக் கொடுப்பாள். அவர்கள் காரத்தில் குதிக்கும்போது லய வீட்டு வரிசையே கூடி நின்று சிரிக்கும்.

ஒரே குறை, ஆட்கள் வரும் ஆவணியில்தான் அருவி வற்றும்.

"நீர்வீழ்ச்சியெண்டு செல்லிக் கூட்டிவாறன், அவன் பாறையப் படம் எடுத்திட்டுப் போறான்," என்று ஷுக்ரி நொந்துகொண்டார்.

அதனால் மேலே ஓடையை மறித்துச் சின்ன அணை ஒன்று கட்டினேன். வண்டி பாதை வளைவில் தெரிந்ததும் அணையின் அடைப்புப் பலகையைத் தூக்குவேன். அருவி புதிதாகப் பிறந்ததுபோல் கொட்டும். கீழே லயத்துச் சனம் குளிக்கும் இடம் என்பதால் வேலாயி ஒரு மணியைக் கட்டச் சொன்னாள்.

"மணி அடிச்சிட்டுத் தொறங்கய்யா. புள்ளகுட்டியெல்லாம் குளிக்கிதுங்க."

அடித்தேன். ஆனால் மணி கேட்டதும் ஒரு வெள்ளைக்காரர், "படம் தொடங்கப் போகிறதா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மணியைக் கழற்றினேன்.

"இனி நானே எட்டிப் பாத்துத்தான் திறப்பன், வேலாயி," என்றேன்.

"ஐயா பாத்தா போதுங்க," என்றாள்.

நீங்கள் விசாரிக்கும் அந்த நாளில் இரண்டு மாவட்டத்துப் பெரியவர்களும், மலையில் விடுதிகள் கட்டலாமா என்று பார்க்க வந்த வெளிநாட்டுக் குழுவும் வானில் இருந்தார்கள். வாக்குக் கொடுத்தபடியே எட்டிப் பார்த்தேன். கீழே வேலாயியும் அவள் மருமகள் ஜெயந்தினியும் விருந்துக்கான மேசைத்துணிகளை அலசிக்கொண்டிருந்தார்கள். வேலாயி நிமிர்ந்து என்னைக் கண்டு கையசைத்தாள். நானும் அசைத்தேன். ஐயா பார்த்துவிட்டார் என்று மறுபடி குனிந்து துணியைப் பிழிந்தாள். வண்டி வளைவுக்கு வந்துவிட்டது. அவர்கள் கரையேறும்வரை பொறுத்திருந்தால் விருந்தினர் வெறும் பாறையைத்தான் பார்த்திருப்பார்கள்.

பலகை தானாக உடைந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். நான்தான் தூக்கினேன். இரண்டு கையாலும், முழுவதுமாக.

வளைவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் வடிந்து, இரண்டு பேரையும் கீழே பாலத்தடியில் கண்டெடுப்பதற்குள் குழு சம்மதம் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தது. இப்போது விடுதிகள் எழும்புகின்றன. லயத்துப் பெண்களுக்கு அங்கே வேலை கிடைக்கும். வேலாயி இதற்காகத்தானே பாடுபட்டாள்? கேட்பதற்குத்தான் அவகாசம் இருக்கவில்லை. கேட்டிருந்தால், "தொறங்கய்யா" என்றுதான் சொல்லியிருப்பாள்.