காருக்கு விளக்கெண்ணெய்

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெஷின் படிப்பு?" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

நேற்று, பாடப்பிரிவை மட்டும் எழுதாமல் விட்ட பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு ஆம்பூரில் வேலூர் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்கு முன்னால் தோல் பதனிடும் டேனரியின் மேஸ்திரி பாய் ஒருவரும் அவருடைய சிநேகிதரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாய், உங்க காருக்கு வெளக்கெண்ணெ குடுங்க" என்றார் சிநேகிதர்.

"இன்னாய்யா, அதுக்கு வயித்து வலியா?"

"ஸ்டார்ட் ஆவுது, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இருமிட்டு நின்னுடுது. அதானே?"

"ஆமா. எஞ்சினைப் பிரிச்சு வாசல் பூரா பரப்பி, திரும்ப மாட்டியும் பார்த்துட்டேன். நாளைக்குள்ள ஓடலைன்னா காயலான் கடைதான்னு வீட்ல சொல்லிட்டா. புது கார்புரேட்டர் வாங்கத்தான் வேலூர் போறேன்."

"வாணாம். கார்புரேட்டர் பம்புல சின்னதா ஒரு தோல் வாஷர் இருக்கும். பழைய வண்டி, ரொம்ப நாள் சும்மா நின்னதுல காஞ்சு சுருங்கியிருக்கும். எண்ணெயில ஊறப் போடுங்க."

பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா தோலை ஊறப் போடறவன் நான். என் வண்டிக்குள்ள தோல் இருக்கிறது தெரியலையே."

"வீட்ல சொல்லாதீங்க."

"சொன்னா காரை வெச்சிக்கிட்டு என்னைக் காயலான் கடையில போட்டுடுவா."

பஸ் வந்தது. பாய் ஏறாமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார். நான் ஏறினேன். வேலூரில் இறங்கி, பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் 'மெக்கானிக்கல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.