கண்ணாடி வழியே வந்த வெயில்

ஆமைக்கு வெயில் காட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அகலமான தொட்டி, ஓடு முழுகாத அளவுக்குத் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதித் தொட்டியில் நிழல் விழும்படி ஒரு பலகை. சூடு பொறுக்காவிட்டால் அதுவே நிழலுக்கு நகர்ந்துவிடும். காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் மகள்.

ஆமைகள் இரண்டு. பெரியவர், சின்னவர் என்று அவள்தான் பெயர் வைத்தாள். என் மனைவி பிரிந்து போய்க் குடியேறிய வீட்டில் வெயிலே விழாது. அதனால் ஆமைகள் என்னிடம் தங்கிவிட்டன. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவற்றிடம் சொல்வாள். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நீச்சல் வகுப்பு வந்தது, தோழிகளின் பிறந்தநாள் வந்தது. "இந்த வாரம் வரலப்பா, கோச்சுக்காதே" என்று போனில் சொல்வாள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் வெயிலே இல்லாமல் சின்னவரின் ஓடு இளகியது. விரலால் அழுத்தினால் அமுங்கியது. சொன்னதும் ஓடி வந்தாள். தினமும் வந்தாள். வானம் வெளுத்தது, ஓடு இறுகியது, அவள் வருவதும் குறைந்தது.

நான் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு உண்டு, ஆமையின் ஓட்டுக்கு வேண்டிய சத்து கிடையாது என்று ஆமைகளைப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார். தொட்டியை மாடியிலிருந்து இறக்கி, மூடிய ஜன்னலுக்குப் பின்னால் வைத்தேன்.

"தினமும் வெயில் காட்டுறீங்கல்ல சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"காட்டுறேன் டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை.

சின்னவர் செத்துப்போனது. மகள் அன்று முழுக்க என் மடியில் முகம் புதைத்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அப்புறம்தான் மனைவி வந்து, வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். வாசலில் நின்றபடியேதான் சொன்னாள்.

"பாப்பாவும் என்கூட வர்றா. லீவுக்கு அனுப்பி வைக்கிறேன்."

"நான் எப்படிம்மா இருப்பேன்?"

"பழகிடும்."

அவள் காலைப் பிடிக்கவும் தயங்கவில்லை நான். குனிந்தேன், அவள் நகர்ந்துகொண்டாள். வக்கீலிடம் ஓடினேன், அவள் அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அங்க பனி கொட்டுமாம்ப்பா! வீடெல்லாம் வெள்ளையா ஆயிடுமாம்!" என்றாள். விட்டுப்போகிறோமே என்கிற வருத்தம் அந்த முகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். குழந்தைதானே, அவளுக்கு என்ன தெரியும்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அது கிடக்கும் தண்ணீர் குழந்தைகள் வயிற்றுக்குள் போகவே கூடாது என்பதும் அந்த டாக்டர் சொன்னதுதான். அந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பானவன். அன்று மட்டும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து அவளுடைய பழச்சாற்றில் கலந்தேன். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், வயிற்றைக் கலக்கும், பயணம் தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

பயணம் தள்ளிப்போகத்தான் செய்தது. ஆஸ்பத்திரியில் மனைவி என் தோளில் சாய்ந்து, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் தனியா என்ன பண்ணியிருப்பேன்" என்று அழுதாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். வெளியில் எங்காவது சாப்பிட்டாளா, வீட்டில் பிராணி ஏதாவது உண்டா, எது தெரிந்தாலும் சொல்லுங்கள், சரியான மருந்தை உடனே கொடுத்துவிடலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். பாப்பா ஆமைப் பக்கமே போகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, டாக்டரிடம் இல்லை என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அதன் பிறகு மகளை என் கண்ணில் காட்டியிருப்பார்களா, மேடம்? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை அவள் மூச்சு நின்றது. என் விரல் அவள் கைக்குள்தான் இருந்தது.

கலந்தது நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள் என் வாக்குமூலத்தில் கொலை என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவள் அவசர அவசரமாகக் குடித்தபோது, "மெதுவா குடிடா கண்ணு, புரையேறிடும்" என்று முதுகைத் தடவிவிட்டவன் நான். கொல்ல நினைக்கிறவன் அப்படிச் சொல்வானா?