திரையில் குத்திய ஊக்கு

— ஊசியையா புடுங்கிட்டாங்க?

— ஆமா கண்ணு. வாசல்லயே பையைக் கொட்டிப் பாத்து, கத்திரி, ஊசி எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டாங்க. தையக்காரி பையில வேற என்ன இருக்கும்?

— போகும்போது குடுத்துடுவாங்கம்மா. கோர்ட்டுக்குள்ள கூரா எதுவும் கொண்டுவரக் கூடாது. சாட்சி சொல்ல வர்றவங்க நாக்கு ஒண்ணைக் கொண்டுவந்தா போதும். துணைக்குத்தான் நான் இருக்கேனே.

— அந்த நாக்குதான் காலையிலேருந்து மேல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.

— இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. ஜட்ஜ் வர்றதுக்குள்ள இடத்தைப் பாத்துட்டா படபடப்பு குறையும்னுதான் கூட்டிட்டு வந்தேன். இந்தக் கூண்டுலதான் நீங்க நிப்பீங்க. முடியலேன்னா உக்காந்துக்கலாம்.

— அவன்?

— அந்த மூலையில. நடுவுல, நீங்க கேட்ட மாதிரியே திரை போட்டாச்சு. அவனும் உங்களைப் பாக்க முடியாது, நீங்களும் அவனைப் பாக்க முடியாது.

— துணி கெட்டியாத்தான் இருக்கு. ஆனா இங்க பாரு, அடியில தையல் விட்டுப்போச்சு. இந்த இடுக்குல கால் தெரியும்.

— கால்தானேம்மா!

— காலும் தெரியக் கூடாது கண்ணு.

— பயப்படாதீங்க. அவன் உங்களை ஒண்ணும் பண்ண முடியாதும்மா. போலீஸ்காரங்க பக்கத்துலயே நிப்பாங்க.

— அவனுக்கு உக்கார நாற்காலி போடுவாங்களா?

— நல்லா கேட்டீங்க போங்க! அதெல்லாம் போடுவாங்க. அவன் கவலை உங்களுக்கு எதுக்கு?

— என்னமோ, கேட்டேன். நடந்ததை நேர்ல பாத்தது நான் ஒருத்திதான். நான் உண்மையைச் சொல்லலேன்னா அவளுக்கு வேற நாதி இல்லை. அவன் அவ கையை முறுக்கி…

— வேணாம்மா, வேணாம்! கேஸைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்புறம் நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஆயிடும். அதனாலதான் சாட்சிக்குத் துணையா வர்ற எங்ககிட்டயும் கேஸ் என்னன்னு சொல்றதே இல்லை. வேற எது வேணாலும் பேசுவோம். வெளிய பெஞ்சுல கையில கட்டோட உக்காந்திருக்காங்களே, உங்க பொண்ணா?

— என் பொண்ணுதான். காலையில நான்தான் தலை பின்னிவிட்டேன். ஒத்தைக் கையால அவளுக்கு வரலை. வலிக்குதாடின்னா இல்லைங்கிறா. கண்ணு ரெண்டும் குளமா நிக்குது, இல்லைங்கிறா. இத்தனை வருஷமும் இப்படியே சொல்லிச் சொல்லி என்னை ஏமாத்தியிருக்கா, பாவி மக.

— அழாதீங்கம்மா. இப்போ அவங்களுக்காக வந்துட்டீங்கல்ல.

— உன்கிட்ட ஒரு ஊக்கு இருக்கா?

— இருங்க… இந்தாங்க, என் பேட்ஜுல குத்தியிருந்தது. பேட்ஜை நான் கையில புடிச்சுக்கிறேன்.

— குனிய முடியலை. அந்த ஓரத்தை இழுத்துப் புடி. ஆங், அப்படித்தான். இப்போ கால் தெரியுதா பாரு.

— ஒரு விரல்கூடத் தெரியலை. தையக்காரின்னா சும்மாவா!

— அவன் இருமினா கேக்குமா?

— இருமினாவா? கேக்கத்தான் செய்யும். துணிதானே, செவுரா?

— அதுக்கு ஊக்குக் குத்த முடியாதில்ல.

— அம்மா, என்னைப் பாருங்க. அந்த நாற்காலியில, உங்களுக்கு நேரா இருப்பேன். பேசக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. ஆனா உங்களையே பாத்துக்கிட்டிருப்பேன். என்ன சத்தம் கேட்டாலும் என் மூஞ்சியை மட்டும் பாருங்க.

— நல்ல மூஞ்சிதான். பவுடர்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

— அடடா! சாட்சிக்கு வாய் திறந்துடுச்சு!

— ஏம்மா, ஜட்ஜ் ஐயா வர்ற நேரமாச்சு. ரெண்டு பேரும் வெளிய போய் உக்காருங்க. முதல் சாட்சி அந்த அம்மாதான், கூப்பிடுறேன்.

— இதோ போயிட்டோம் டவாலி அண்ணே. வாங்கம்மா, என் கையைப் புடிச்சுக்குங்க. அவன்கிட்ட இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டும் வந்து நிக்கிறீங்களே, எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது.

— பயமா? அவன்கிட்டயா? அவன் காலைப் பாத்தாக்கூட நான் பொய் சொல்லிடுவேன் கண்ணு. என்கிட்டதான் எனக்குப் பயம்.

— என்னம்மா சொல்றீங்க?

— இது கேஸ் இல்லை, என் வீட்டுச் சங்கதி, கேட்டுக்கோ. வெளிய உக்காந்திருக்கிறவ என் மருமக. நான் பெத்தது, திரைக்கு அந்தப் பக்கம் உக்காரப் போகுது.